கடுகண்ணாவையில் ஒன்று

வலது காலின் சின்ன விரல் கறுத்தபோது அதைச் செருப்புச் சாயம் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். நாலாம் நாள் பக்கத்து விரலும் கறுத்தது. அதற்குப் பிறகும் ஒரு மாதம் கண்டிச் சந்தையில் மூட்டை தூக்கினேன். எங்கள் பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்களை நாட்டாமை என்பார்கள். பேருக்கு ஒன்றும் குறைச்சலில்லை. நொண்டுகிற நாட்டாமைக்கு மூட்டை கொடுக்க மாட்டார்கள் என்பதால் நொண்டாமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். எட்டாம் வகுப்பு என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. கொழும்பு, புத்தளம், வவுனியா, ஒரு வருடம் கட்டார் என்று அலைந்து, எந்த ஊரிலும் ஒட்டாமல், நாற்பத்தாறு வயதில் கண்டியில் வந்து நின்றேன். இத்தனை ஊருக்கும் என்னோடு கூடவே வந்தது சிகரட் மட்டும்தான். பெண்டாட்டி வரவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. அவளைவிடச் சிகரட்டுக்குத்தான் நான் ஒழுங்காக நேரம் ஒதுக்கினேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சத்திரசிகிச்சை டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். காலைத் தொடக்கூட இல்லை, என் கைவிரல்களிலிருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு எத்தினை?”

“பதினஞ்சு இருக்குங்க ஐயா.”

“அப்ப இருபத்தஞ்சு.” குறித்துக்கொண்டார். “ரத்தக் குழாய் அடைச்சுப்போட்டுது. இந்த ரெண்டு விரலும் செத்துப்போச்சு. இப்ப வெட்டினாப் புண் ஆறாது, பிறகு பாதத்தை வெட்ட வேணும், பிறகு முழங்காலுக்குக் கீழை. ஆறு கிழமை மருந்து தாறன். அதுக்குள்ள சிகரட்டை விடும். சிகரட்டை விடுறீரோ, காலை விடுறீரோ, யோசிச்சுச் சொல்லும்.”

யோசிக்க என்ன இருக்கிறது? கால் போனால் மூட்டை போகும், மூட்டை போனால் அறை வாடகை போகும், அதற்குப் பிறகு குட்செட் பஸ் நிலையத்தில் கையேந்தி உட்கார ஓர் இடம் பிடிக்க வேண்டும். அந்த இடங்களுக்கும் ஆள் இருக்கிறார்கள், சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும். “காலை வெச்சுக்கிறேங்க” என்றேன். டொக்டர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். புகைத்தலை விடுவதற்கான ஆலோசனை அறை, புதன்கிழமைகளில்.

அந்த அறை தாழ்வாரத்தின் கடைசியில், உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சுவரில் இரண்டு படங்கள். ஒன்றில் கறுத்த நுரையீரல். மற்றதில் சிகரட்டை விட்ட ஒரு குடும்பம் புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். நாய்க்குக்கூடப் பல் வெள்ளையாக இருந்தது. சிகரட்டை விட்டால் இவ்வளவும் வரும் என்றால் இவர்களையெல்லாம் எங்கே படுக்க வைப்பது என்று யோசித்தேன். நான் இருந்தது சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், நான்கு நாட்டாமைமாரோடு. நான்கு பேரும் சிகரட் குடிப்பவர்கள்.

ஆறேழு பேர் வந்திருந்தோம். ஆலோசகர் ஒரு சிங்கள மிஸ். முப்பது வயதுக்குள் இருக்கும். அரசாங்கம் நடத்தும் வகுப்பில் தமிழ் படித்தவர், அதனால் எங்களில் யாரும் வாழ்க்கையில் பேசியிராத தமிழைப் பேசினார். வானொலியில் செய்தி வாசிப்பது போல இருக்கும்.

“மன அழுத்தம் ஏற்படும்போது நீங்கள் புகைக்க விரும்புவீர்கள். அப்போது எழுந்து சிறிது தூரம் நடந்து செல்லுங்கள்.”

நான் என் காலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கையிலிருந்த கடதாசியில் அடுத்த வரிக்குப் போனார்.

“உங்களுக்குப் பிடித்தமான பொழுதுபோக்கில் ஈடுபடுங்கள். பழச்சாறு அருந்துங்கள். தினமும் எட்டு மணித்தியாலம் உறங்குங்கள்.”

சந்தைக்கு லொறி வரும் நேரத்தை இந்தக் கடதாசி எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை. மிஸ்ஸின் பிழை இல்லை. மேலிடத்திலிருந்து வந்ததை அவர் வாசித்தார், அவ்வளவுதான். அந்தக் கடதாசியை எழுதியவர் ஒரு மூட்டையைத் தூக்க வேண்டாம், மூட்டைக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாலே போதும்.

“மெல்லுவதற்கு ஒரு பசை இருக்கிறது. அது இங்கே மருந்தகத்தில் இல்லை. வெளியே வாங்கலாம்.”

விலை என்னவென்று கேட்டான் எனக்குப் பக்கத்தில் இருந்தவன். குட்செட்டில் த்ரீவீல் ஓட்டுகிறவன், நெஞ்சடைப்பு வந்து தப்பியவன், என்னைவிடப் பத்து வயது குறைவு. மிஸ் விலையைச் சொன்னார்.

“அந்தக் காசுக்கு ரெண்டு பேரு கூட்டா சிகரட்டே குடிக்கலாங்களே மிஸ்!”

எல்லோரும் சிரித்தோம். மிஸ்ஸும் சிரித்தார், பிறகு தான் சிரித்திருக்கக் கூடாது என்பது போல மேசையிலிருந்த தாள்களை அடுக்கினார்.

சிகரட் குடித்தவனை ஊதவைத்துப் பிடிக்கும் கருவி ஒன்று இருந்ததாம். பழுதாகிக் கொழும்புக்குப் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்று தெரியாது. அது வரும்வரை தாள். வருகிற திங்கட்கிழமை தொடங்கி ஆறு வாரத்துக்கு நாற்பத்திரண்டு பெட்டிகள். குடிக்காத நாளுக்குச் சரி, குடித்த நாளுக்குப் பிழை. வீட்டிலுள்ள ஒருவர் தினமும் போட வேண்டும். கீழே பெயர், உறவு, கையொப்பம். ஆறாம் வாரப் புதன்கிழமை அதைக் கொண்டுவந்தால் டொக்டருக்குக் கடிதம் தருவார்.

“உண்மையை எழுதுங்கள். இந்தத் தாள் உங்களுக்காகவே” என்றார் மிஸ்.

எங்களுக்குக் காது நன்றாகக் கேட்டது. ஆனால் முன்பு இப்படித்தான் ஒரு அரசாங்க ஐயா த்ரீவீல்காரன் வீட்டுக்கு வந்து, நிவாரணத்துக்கு உண்மையை எழுதுங்கள் என்றார். அவனுடைய தாய், வீட்டில் பழைய டிவி இருக்கிறதென்று உண்மையை எழுதினாள், நிவாரணம் நின்றது. அரசாங்கம் தரும் தாளில் என்ன எழுத வேண்டும் என்பது ஏழைக்கு மனப்பாடம். ஒரு பிழை விழுந்தால் கடிதம் இல்லை, கடிதம் இல்லாவிட்டால் டொக்டர் தொட மாட்டார். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

“மிஸ், எனக்கு வீடு இல்லீங்க.”

“உங்களைத் தினமும் பார்க்கிறவர் யாராவது?”

யோசித்துப் பார்த்தேன். உலகத்தில் என்னைத் தினமும் தவறாமல் பார்க்கிற ஒரே ஆள் எனக்குச் சிகரட் விற்கிறவள்தான்.

சந்தைக்குப் பின்பக்கம் பிளேன்டீக் கடை வைத்திருந்தாள் அந்த முஸ்லிம் பெண். புருஷன் சவூதியில். ஐம்பது வயதிருக்கும். அவர்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள், சந்தை முழுவதும் அவளைத் தாத்தா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். காலையில் ஒரு பிளேன்டீயும் இரண்டு சிகரட்டும், பிறகு பொழுது சாயும்வரை ஒவ்வொன்றாக. என் இருபத்தைந்தில் இருபது அவள் கையால் வந்தது.

தாளை நீட்டினேன்.

“என்ன தம்பி, கோர்ட்டுக் கடதாசியா?”

“ஆஸ்பத்திரிக் கடதாசி தாத்தா. நான் சிகரட் குடிக்கலன்னு நீங்க ஒவ்வொரு நாளும் சரி போட்டுக் கையெழுத்து வைக்கணும்.”

“நான்தானே ஒங்களுக்கு சிகரட் தாரது!”

“அதனாலதாங்க. ஒங்களுக்குத்தான் சரியாத் தெரியும்.”

தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை.

“அப்ப நான் சாட்சி.”

“அப்படியெல்லாம் பெருசா ஒண்ணுமில்ல, சும்மா ஒரு கோடு...”

“சும்மாவா? பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய பாவம் தெரியுமா? நாளைக்கி மறுமையில அல்லாஹ் இந்தக் கடதாசியத்தான் எனக்கு மொதல்ல காட்டுவான்.”

“இத்தனை வருஷமா சிகரட் வித்ததுக்கு ஒண்ணும் காட்ட மாட்டானா?”

“அது வேற கடதாசி. ஒங்கட வேலயப் பாருங்க.”

பிறகு என் காலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சரி, போடுறன். ஆனா இனி இந்தக் கடையில ஒங்களுக்கு சிகரட் இல்ல. விக்கிறவளே சாட்சி சொல்ல ஏலா” என்றாள். அதோடு விட்டாளா? முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்த வரிசையிலிருந்த ஏழு கடைக்கும் போய், “இந்தாளுக்கு ஒண்டு குடுத்தாலும் எனக்குச் சொல்லுங்க, நான் சாட்சிக்காரி” என்று அறிவித்துவிட்டு வந்தாள். வழக்குகூட இல்லாமல் சாட்சியாகியிருந்தாள். ஏழு கடைக்காரர்களும் அன்றிலிருந்து என்னை இன்னொருத்தன் வேலிக்குள் நுழைந்த மாட்டைப் போலப் பார்த்தார்கள்.

முதல் வாரம் எப்படிப் போனது என்று அலங்காரமாக எழுத எதுவுமில்லை. மலம் போகவில்லை. தூக்கம் இல்லை. தூக்கம் வந்தால் கனவில் சிகரட். ஒரு மூட்டைக் கோவாவுக்காக, அதாவது முட்டைக்கோசுக்காக, ஒருத்தனை அடிக்கப் போய், அவன் என்னைவிடப் பெரியவன் என்பதால் மன்னிப்புக் கேட்டேன். அறைத் தோழர்களிடம் வெளியே போய்க் குடிக்கச் சொன்னேன். “விட்டவன் நீதானே, நீ வெளிய போ” என்றார்கள். நியாயம்தான். வெளியே படுத்தேன். சந்தையில் என்னைக் கண்டால், “டேய், தாத்தா வாராங்க, ஒளி!” என்று கத்துவார்கள்.

தாத்தா பழச்சாறு ஒன்றும் தரவில்லை. ஒரு பிடி கராம்பு தந்தாள். “வாய் கேட்டா ஒண்டக் கடிங்க.” நாக்கு மரத்துப்போனது. பொழுது சாய்ந்து கடையைச் சாத்தும் நேரத்தில் நான் போய் நிற்க வேண்டும். பிஸ்கட் டின்னுக்கு அடியிலிருந்து தாளை எடுப்பாள். “இண்டைக்கு?” என்று ஒரே வார்த்தை. “இல்ல” என்பேன். என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு வாய்க்குள் “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி, அந்தச் சிறிய பெட்டிக்குள் ஒரு சரி. ஒரு கோட்டுக்கு ஒரு பிஸ்மில்லாஹ். காணி உறுதிப் பத்திரம் எழுதுகிறவன்கூட அவ்வளவு கவனமாக எழுதியிருக்க மாட்டான். இப்படி மூன்று வாரம் போனது. கால் வலி கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் நம்பவில்லை.

நாலாம் வாரம் சனிக்கிழமை கோவா மூட்டைகளோடு லொறியில் கடுகண்ணாவைக்குப் போனேன். இறக்க வேண்டிய கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கணவாய்ப் பாதையில் லொறிகள் முக்கிக்கொண்டு ஏறின. பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊர், தாத்தாவின் ஏழு கடையும் எட்டாத தூரம். ஒன்று வாங்கினேன்.

நன்றாகத்தான் இருந்தது. நன்றாயில்லை, கசந்தது, இருமினேன் என்று எழுதினால்தான் இப்படிப்பட்டதை வாசிக்கிறவர்களுக்குத் திருப்தி. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தலை லேசாகி, மூன்று வாரத்தில் முதல் தடவையாக எவனையும் அடிக்கத் தோன்றாமல் நின்றேன். பாதி முடிய முன்னமே கால் விரல்களுக்குள் யாரோ ஊசி ஏற்றுவது போல வலி வந்தது. டொக்டர் சொன்ன குழாய் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. மீதிப் பாதியையும் குடித்தேன்.

வரும் வழியெல்லாம் கராம்பு மென்றேன். தாத்தா கடையைச் சாத்திக்கொண்டிருந்தாள். தாளை எடுத்தாள்.

“இண்டைக்கு?”

“இல்ல.”

முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பேனையைப் பெட்டியில் வைத்து, வாயைத் திறந்து, “பிஸ்மி...” என்று தொடங்கினாள்.

“கொஞ்சம் இருங்க” என்றேன். நான் கோயிலுக்கும் போகாதவன், பள்ளிவாசலைக் கடந்து மட்டும் போயிருக்கிறவன். ஆனாலும் என்னுடைய ஒரு சிகரட்டுக்காக அவள் மறுமையில் போய்க் கைகட்டி நின்று பதில் சொல்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “கடுகண்ணாவையில ஒண்ணு.”

பேனை நின்றது. பிறகு சனிக்கிழமைப் பெட்டியில் ஒரு பெரிய பிழை விழுந்தது. அது போதாதென்று ஓரத்தில் குனிந்து எழுதினாள்: ‘கடுகண்ணாவையில் ஒன்று. தானாகச் சொன்னார்.’

“தாத்தா, அத வெட்டுங்க. கடிதம் தர மாட்டாங்க. என் கால் போயிரும்.”

“காலுக்காக நான் பொய் எழுத ஏலா.”

“ஒரு காலுங்க! ஒரு கோடுதானே!”

“அங்க நிண்டு பத்துற நேரம் இந்தக் காலு எங்க இருந்திச்சு? ஹேவாஹெட்டயிலயா?”

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சிகரட் விற்றுத் தின்கிறவளுக்கு மறுமை ஒரு கேடா என்றும் கேட்டேன். கேட்டுக்கொண்டே கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். கடைசிப் பலகைக்கு முன் கையை வெளியே நீட்டினாள். கராம்பு. வாங்காமல் போனேன். மறுநாள் பொழுது சாய, போய் நின்றேன். வேறு எங்கே போவது?

த்ரீவீல்காரனிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க? புதுத் தாள் ஒண்ணு போடுங்க அண்ணே.” தன் தாளைத் தொலைபேசியில் படமெடுத்து அனுப்பினான். பெண்டாட்டி ஒரே இருப்பில் போட்ட நாற்பத்திரண்டு சரி, எல்லாம் ஒரே சாய்வில். அவனிடம் மிச்சமிருந்த வெற்றுத் தாளொன்றை நகல் எடுத்து, அறையில் ஓரளவு எழுதத் தெரிந்த நாட்டாமையிடம் கொடுத்தேன். தாடியும் மீசையுமாக ஆள் பெரியவன். நான் தந்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்து நிரப்பினான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆறாம் வாரம் தாத்தாவிடம் வாங்கிய தாள் இன்னொரு பையில். எதைக் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஆறாம் வாரப் புதன்கிழமை. தாழ்வாரத்து வரிசையில் நின்றபோதுதான் பொய்த் தாளை முதல் தடவையாகப் பிரித்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு சரியும் அழகாக இருந்தன. கீழே அந்த நாட்டாமை தன் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு எழுதியிருந்தான். அதற்கு நேரே, உறவு என்ற இடத்தில், படத்தில் கண்டபடியே எழுதியிருந்தான்: மனைவி.

பேனை ஒன்றை அங்கும் இங்கும் தேடினேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள், என்னையும் த்ரீவீல்காரனையும் சேர்த்து. அவன் தன் தாளை நீட்டினான். மிஸ் பார்த்தார்.

“இன்று புதன்கிழமை. உங்கள் மனைவி ஞாயிற்றுக்கிழமை வரை பார்த்துவிட்டார்.”

“அவ கொஞ்சம் முன்கூட்டியே பாக்குற ஆளுங்க மிஸ்.”

 மிஸ் களைப்பாக அதை மேசையிலிருந்த தாள் கட்டின் மேல் வைத்தார். அந்தக் கட்டைப் பார்த்தேன். மேலேயிருந்து கீழேவரை ஒரே சரி. கண்டிப் பகுதியில் சிகரட் குடிக்கிறவன் ஒருத்தனும் மிச்சமில்லை. பிறகு அவனுக்குக் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். கேள்வி இல்லை, ஒன்றுமில்லை. என் பக்கம் கையை நீட்டினார். மனைவியைக் கொடுக்க முடியாது. தாத்தாவைக் கொடுத்தேன்.

மிஸ் தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பவர். கடுகண்ணாவை என்ற இடத்தில் விரலை வைத்து நின்றார். பிறகு மறுபடியும் முதல் பெட்டியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

“இதை எழுதியவர் யார்?”

“எனக்குச் சிகரட் விக்கிறவங்க மிஸ்.”

த்ரீவீல்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். மிஸ் பேனையைக் கையிலெடுத்தார்.

“கடுகண்ணாவையில் என்ன நடந்தது?”

சொன்னேன். கடைக்காரர் சாப்பிடப் போனது, லொறி ஏறியது, பாதியில் ஊசி ஏறியது, மீதியையும் குடித்தது. கேட்டுக்கொண்டே எழுதினார். சும்மா நிற்கும் நேரம்தான் எனக்கு ஆபத்தா என்று கேட்டார். அப்படித்தான் போலிருக்கிறது, எனக்கே தெரிந்திருக்கவில்லை. மூட்டை தலையிலிருக்கும்போது நான் ஒருநாளும் சிகரட்டை நினைத்ததில்லை. அன்று அவர் அந்தக் கடதாசியிலிருந்து ஒரு வரிகூட வாசிக்கவில்லை. நாய்ப் படத்துக்கு அடியில் உட்கார்ந்து அரை மணித்தியாலம் பேசினோம், வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டும்வரை.

“மிஸ், பிழை விழுந்ததால கடிதம்...”

“கடிதம் எல்லோருக்கும் உண்டு. இல்லை என்று யார் சொன்னார்கள்?”

யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சத்திரசிகிச்சை டொக்டரிடம் போனேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. மேசை ஓரத்தில் போட்டார், அது வழுக்கிக் கீழே விழுந்தது, தாதி எடுத்துக் கொப்பிக்குள் செருகினாள். ஆறு வாரச் சாட்சியமும் அதோடு முடிந்தது. டொக்டர் என் கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எதையோ கேட்பது போல இருந்தார். விரலை இடம் மாற்றினார். மறுபடியும் மூடினார். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் மூச்சை அடக்கியதில்லை.

“எத்தினை குடிச்சனீர் இந்த ஆறு கிழமையில?”

“ஒண்ணுங்க ஐயா.”

“ஒண்டோ?” கண்ணைத் திறந்தார். இந்தத் தடவை அதை இருபத்தைந்தாக்கவில்லை. “துடிப்பு வருது. ரெண்டு விரலும் போகும். பாதம் நிக்கும். இனியும் பத்தினீர் எண்டால் என்னட்டை வர வேண்டாம், தச்சனிட்டைப் போய் மரக்கால் அளவு குடும்.”

அடுத்த வாரம் வெட்டினார்கள். வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் நகரசபையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர். அதே நோய், முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. இரண்டாம் நாள் பின்னேரம் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“தம்பி, கக்கூசுக்குப் பின்னால வர்றீங்களா? ஒண்ணு பத்துவோம்.”

“ஐயா, ஒங்களுக்குக் காலே போயிருச்சுங்களே.”

“அதான் போயிருச்சே, இனி என்னாத்துக்கு விடணும்? ஒங்களுக்கு எத்தன மிச்சம்?”

“எட்டு விரலுங்க.”

“எட்டா?” என் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து மனதுக்குள் கூட்டினார். “அப்ப இன்னும் கொஞ்ச காலம் குடிக்கலாமே!”

சிரித்துவிட்டேன். சிரித்ததில் தையல் இழுத்து உயிர் போனது. அவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போனார், நான் போகவில்லை. மனவுறுதி என்று யாரும் எழுத வேண்டாம், அன்று என்னால் காலை ஊன்ற முடியவில்லை. மறுநாள் தாதி என்னை எழுப்பி நிற்க வைத்தாள், சுவரைப் பிடித்து நடக்கவும் முடிந்தது. அவர் அன்றும் கூப்பிட்டார். அன்றும் போகவில்லை. அதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை.